"வீடு ஆருக்கு?" என்று கேட்ட ரஞ்சினி மிஸ்

அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது மகள் கீர்த்தனா கொழும்பிலிருந்து அழைத்தாள். "அம்மா, ரஞ்சினி மிஸ் போயிட்டாவாம்" என்றாள். அவர் காலமான செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது. மிஸ் மெதடிஸ்த தேவாலயத்துக்குப் போகிறவர். இருந்தாலும் அன்று அம்மனிடம் அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஆசுபத்திரிக் கிளினிக்கில் போசாக்கு ஆலோசனை சொல்பவராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். என் கணவரைச் சீனி வருத்தம் என்ற நீரிழிவுக்காக அவரிடம் கூட்டிப்போனேன். மூன்று வேளையும் சோறு என்று இவர் பெருமையாகச் சொன்னார். "அது வயல் வட்டையில மாடு கட்டி உழுத காலத்துச் சாப்பாடு அண்ணன். இப்ப உழுறது மெசின், தின்னுறது மட்டும் நீங்களா?" என்றார் மிஸ். வரிசையில் இருந்தவர்களோடு இவரும் சிரித்தார். சோற்றை விடச் சொல்லவில்லை. இலைக்கறியையும் மீனையும் முதலில் வைத்து, மிஞ்சும் இடத்தில் சோறு போடச் சொன்னார். இன்றும் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கீர்த்தனா போசாக்கு விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கிவிட்டு அரச நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்தாள். "சமைக்கப் படிக்கவா மச்சாள் கம்பஸுக்கு அனுப்பின நீங்க?" என்று இவருடைய தங்கை கேட்பாள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் நான். பதில் சொல்ல மிஸ்ஸைத்தான் பழுகாமத்தில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டேன்.

வந்தார். உணவுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை, கிராமத்துத் தாய்மாரோடு வேலை செய்யும் நிறுவனங்கள், ஆராய்ச்சி, படிப்பித்தல் என்று விளக்கினார். நோயாளிகளோடு இருக்க விருப்பமென்றால் மருத்துவப் போசாக்கில் முதுமாணி என்ற மேற்படிப்புப் படிப்பது நல்லது என்றார். "நியமனம் வேணாமெண்டு சொல்லல்ல. அது எந்த அரசாங்கக் கந்தோர்க் கதிரையில கொண்டு இருத்துமெண்டு ஆருக்குத் தெரியும்?"

மகளின் முகம் முதுமாணியில்தான் மலர்ந்தது. இவர் தலையாட்டவில்லை. நம் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுக்காமல் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேச முடியாது. அத்திவாரம் போட்டு வைத்திருந்தோம். சுவர் எழுப்பினால் படிப்புக்கு மிஞ்சாது என்பது வீட்டுக் கணக்குப் பார்க்கும் எனக்குத் தெரியும்.

"வீடு ஆருக்கு அண்ணன்?" என்று மிஸ் கேட்டார்.

"புள்ளைக்குத்தான்."

"அப்ப சுவர் இப்ப வேணுமா, மறுகா வேணுமா எண்டு புள்ளையிட்டத்தானே கேக்கணும். நாம மூண்டு பேருமெல்லோ பேசிட்டிருக்கம்."

கீர்த்தனா நிலத்தைப் பார்த்தபடி, "மறுகா கட்டலாம் அப்பா. கட்டாட்டியும் காரியமில்ல" என்றாள். இவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "விண்ணப்பம் எப்ப போடணும் மிஸ்?" என்று கேட்டார்.

பிறகு ஒரு நல்ல சம்பந்தம், வீடு முடியவில்லை என்று விலகிப் போனது. அழுதுகொண்டு மிஸ்ஸிடம் போனேன். "அழுங்க. புள்ளைக்குக் கேக்காம அழுங்க" என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்து பக்கத்திலேயே இருந்தார்.

கொழும்பில் முதுமாணிப் படிப்பை முடிக்கப்போகும் கீர்த்தனா அடக்கத்துக்கு வந்திருந்தாள். திரும்பும் வழியில், "இனி என்ன செய்யப்போறாய் புள்ள?" என்று கேட்டேன். இங்கேயே வந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பஸ் வாவிப் பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அவள் வாய் திறந்தாள். அதுவரை பேசாமல் காத்திருந்தேனே, அதுதான் மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.