செம்பாக்கத்துச் சுவரில் விட்டுவைத்த வெள்ளை

தாம்பரத்துப் பக்கம் இனிக் கால் வைப்பதில்லை என்று 1966இல் சொல்லிவிட்டு வந்தவன் நான். ஏழு ஆண்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். பெரியம்மாவின் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்த சனிக்கிழமை, போய் வந்தேன். காரணம், என் தங்கை மேபெல் எழுதிய ஓர் அஞ்சலட்டை.

மேபெல் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. செம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஒரு காலனியில் குடியிருக்கிறாள். "காலனிக்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரே சுவரில் இந்த வட்டாரத்தையே வரைந்திருக்கிறோம். வெளியூரிலிருந்தெல்லாம் பார்க்க வருகிறார்கள். நீயும் வா அண்ணா. உன் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

அந்தக் காலனிக்கு 1962இல் மனைப் பிரிவு வரைபடம் போட்டவன் நான்தான். ஊரில் காலங்காலமாகப் பயிர் செய்துவந்த இந்துக் குடும்பங்கள் தங்கள் மேட்டு நிலத்தை விற்றன. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் வாங்கினார்கள். ஊர் மேற்கே, வயல் கிழக்கே, நடுவில் காலனி. வயலுக்குப் போக நடுவே ஒரு வண்டிப்பாதை இருந்தது என்றது ஊர். அப்படி எதுவும் இல்லை, வரைபடத்தைப் பாருங்கள் என்றது காலனி. வரைபடத்தில் பாதை இல்லை. இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதிலிருந்து பத்து ஆண்டாக இரண்டு பக்கமும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

எனவே நான் படத்தை ரசிக்கப் போனேன் என்று நினைக்க வேண்டாம். தப்புக் கண்டுபிடிக்கத்தான் போனேன்.

திண்டிவனத்தில் காலை 5.40க்குப் பாசஞ்சர். மூன்றாம் வகுப்பு, இரண்டு ரூபாய் எண்பது காசு. செங்கல்பட்டில் இடம் கிடைத்தது. கூடுவாஞ்சேரியில் வண்டி பதினைந்து நிமிடம் நின்றதால் இறங்கிக் காபி குடித்தேன். முப்பது காசு, கொடுத்த காசுக்குச் சூடு மட்டும் உண்டு. தாம்பரத்தில் இறங்கும்போது மணி 8.35. கிழக்குத் தாம்பரம் பக்கமாக வெளியே வாருங்கள். மேற்கே வந்துவிட்டால் தண்டவாளத்தைக் கடக்கக் கேட்டில் இருபது நிமிடம் நிற்க வேண்டியிருக்கும்.

அங்கிருந்து செம்பாக்கம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மைல். பஸ் உண்டு, எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன்.

"ஏரிக்கர காலனியா? செவுத்துப் படம் பாக்கவா சார்? போன ஞாயித்துக்கெயமை மட்டும் நாலு சவாரி. ரெண்டு ரூபா குடு."

"ஒன்றரை."

"ஒன்ற ரூபாய்க்கு ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் வந்து எறக்கி வுடுறேன், மீதி நடந்துகினே போ. நோவுற ஒடம்பு சார் இது, மிதிக்கறவன் கால் இன்னா ரப்பரா?"

இரண்டு ரூபாய்க்கே போனேன். வாசகர்கள் ஒன்றே முக்காலில் முடிக்கப் பார்க்கலாம். வழியெல்லாம் அவர் படத்தைப் பற்றியே பேசினார். "அதுல ஒரு ஸ்கூட்டர் கீது சார், வூட்ட விடப் பெர்சு. செகரட்டரி ஸ்கூட்டராம். அந்தாளு டெய்லி வந்து பாத்துட்டுப் போறாராம், அழிக்கச் சொல்லவும் முடியல, வுடவும் மனசில்ல." காலனிச் சங்கத்துச் செயலாளரை எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன்; அவருக்கு அந்த விளம்பரம் எதற்கு?

ஒன்பதே காலுக்குச் சேர்ந்தேன். காலனி வாசகசாலையின் பின்சுவரில்தான் படம். இருபத்திரண்டு அடி நீளம், எட்டு அடி உயரம், ஊரைப் பார்த்த சுவர். பத்து ஆண்டாக அதன்மேல் 'நோட்டீஸ் ஒட்டாதே' என்று மட்டும் எழுதியிருந்தது. இப்போது சுண்ணாம்பு, காவி, அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம், மஞ்சள் இவற்றாலேயே முழுதும் நிறைந்திருந்தது.

மேபெல் இதை எப்படித் தொடங்கினாள் என்று சொல்ல வேண்டும். பாதை அடைபட்டதால் வண்டிகள் ஏரிக்கரை மேல் சுற்றிப் போகின்றன. நேராகப் போனால் மூன்று பர்லாங். கரை வழியே ஒன்றே முக்கால் மைல். 1971 மழையில் கன்னியப்பன் என்ற ஊர்க்காரரின் மாடு கரையில் சறுக்கிக் கால் ஒடிந்தது. அன்று மாலையே காலனி வீடுகளில் கல் விழுந்தது, போலீஸ் வந்தது. மூன்று முறை சமாதானக் கூட்டம் போட்டார்கள்; மூன்றும் கைகலப்பில் முடியாமல் தப்பியதே பெரிது. பேச்சு வேண்டாம், படம் போடலாம் என்று மேபெல் இரண்டு பக்கமும் நடந்து நடந்து கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு விதி வைத்தாள். தன் இடத்தைத் தானே வரையக் கூடாது. காலனியை ஊர்க்காரர் வரைய வேண்டும். ஊரைக் காலனிக்காரர் வரைய வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் வரையலாம். தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மழைக்குச் சுவர்மேல் கீற்றுச் சாய்த்துக்கொண்டு, பதினொரு வாரம் ஆனதாம். ஊர்க்காரர்கள் வரைந்த காலனியில் எல்லா கேட்டும் பூட்டியிருக்கிறது, எல்லா கேட்டுக்குப் பின்னாலும் ஒரு நாய். முப்பத்தொரு நாய் எண்ணினேன். காலனிப் பெண்கள் அதைப் பார்த்து, "எங்க வீட்ல நாயே கிடையாதே" என்று சண்டைக்குப் போக, ஊர்க்காரர் ஒருவர், "எங்களுக்குக் கொலைக்கற சத்தந்தாம்மா கேக்குது, உள்ள இன்னா கீதுன்னு நீ எப்பத் தொறந்து காட்டின?" என்றாராம். மறுவாரம் சிலர் திறந்து காட்டினார்கள். அந்த வீடுகளில் மட்டும் நாய்க்குப் பதிலாகத் தையல் மெஷினும் கடிகாரமும் இருக்கின்றன.

காலனிக்காரர்கள் வரைந்த ஊரில் முதலில் எல்லாப் பெண்களும் குடத்தோடு நின்றார்களாம், குழாயடியில் தவிர வேறெங்கும் அவர்களைப் பார்த்ததில்லை என்பதால். அதைச் சுண்ணாம்படித்து அழித்துவிட்டு இரண்டாம் முறை வரைந்திருக்கிறார்கள். வேப்பமரத்தடி அம்மனை வரையலாமா என்று ஒரு வாத்தியார் போய்த் தயங்கிக் கேட்டதற்கு, "மரத்த வரைங்க, அவ வரணும்னா வந்துக்குவா" என்று பதில் கிடைத்ததாம். மரம் மட்டும் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

ஏரிக்குத்தான் மூன்று முறை நீலம் பூசினார்கள். காலனிக்காரர்கள் கோடையில் பார்த்த குட்டையைப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் தண்ணீர் ஏறும் இடம் வரை, அதாவது காலனியின் கடைசித் தெரு வரை, இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசித் தெருக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரியும்.

நான் என் தொழில் புத்தியோடு பார்த்துக்கொண்டே போனேன். வடக்கு சாய்ந்திருக்கிறது. அளவுத்திட்டம் கிடையாது. இரண்டாம் தெருவில் ஒரு மனை குறைகிறது. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். அப்புறம் இருபத்தேழாம் மனைக்கும் இருபத்தெட்டாம் மனைக்கும் நடுவே வந்து நின்றேன். ஒரு சாண் அகலத்துக்கு வெறும் சுண்ணாம்பு. மேலிருந்து கீழ்வரை யாரும் தொடாத வெள்ளை.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு, நூல் புடிக்கிற சாரா? வா சார், வா. எங்க ரோட்ட சுருட்டி ஜோப்புல வச்சிகினு போன ஆளு, திருப்பிக் குடுக்க வந்துகிறியா?"

கன்னியப்பன். ஐம்பதைத் தாண்டியவர், கையில் சுண்ணாம்பு வாளி. 1966இல் நாற்பது பேர் நடுவில் என்னைத் திருடன் என்று சொன்னவர் இவர்தான்.

"அண்ணே, சும்மா இருங்க" என்றாள் மேபெல்.

"வான்னுதானேம்மா சொன்னேன்?"

"வடக்கு தப்பா இருக்கு" என்றேன்.

"வடக்கு எங்கியும் போவாது சார், அங்கியேதான் கீது. இத்தப் பாரு, இது யாருன்னு சொல்லு."

வெள்ளையின் இடது ஓரத்தில் ஓர் ஆள் வரைந்திருந்தது. தலையில் தொப்பி, கக்கத்தில் நோட்டு, மூக்கு மட்டும் முழ நீளம். கையில் அளவுச் சங்கிலி. கரியால் கண்ணி கண்ணியாகப் போட்டிருந்தார்கள். சங்கிலி நேராகப் போய் அந்த வெள்ளைக்குள் நுழைந்து, நடுவழியில் நின்றுவிட்டது. மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை.

"கன்னியப்பண்ணன் வரைஞ்சது" என்றாள் மேபெல். "மறுமுனையில யாருன்னு கேட்டேன், நாந்தான்னார். தன்னைத் தானே வரையக் கூடாதே. நம்ம பக்கத்து ஆள்தான் வரையணும், அதுவும் கண்ணால பார்த்த ஆள். அன்னிக்கு அங்க நின்ன நம்ம பக்கத்து ஆள் நீ ஒருத்தன்தான் அண்ணா."

உண்மைதான். அன்று எனக்குச் சங்கிலி பிடிக்கும் ஆளுக்குக் காய்ச்சல். எரு வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்தி, பாதையின் தெற்கு ஓரத்தில் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். பன்னிரண்டு அடி. நோட்டில் எழுதினேன். அன்று மாலை செயலாளர் வந்து, அந்தப் பாதையை விட்டுவிட்டால் இரண்டு மனைக்கும் தலா ஆறு அடி கூடும் என்றார். இருபத்தேழு அவருடையது. அவர் சொல்லித்தான் விட்டேன் என்பதை ஏழு ஆண்டாகத் திண்டிவனத்தில் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். ஊர் திரண்டு கேட்டபோது, "படம் போட்டவரைக் கேளுங்கள்" என்று அவர் நழுவியதையும் சொல்லியிருக்கிறேன். இருபத்தெட்டு எனக்கு என்று அன்றே பேசி வைத்திருந்ததை நானாக வாய் திறந்து எங்கும் சொன்னதில்லை. அந்த மனை இன்றும் என் பெயரில், வேலி போட்டு, காலியாகக் கிடக்கிறது.

"அறுப்புக்கு இன்னும் ரெண்டு வாரம்" என்றார் கன்னியப்பன். இப்போது குரலில் கேலி இல்லை. "இந்த மழையில கரை ரெண்டு எடத்துல ஒடைஞ்சி போச்சி. வண்டி போவாது. மொத்த நெல்லும் பொம்பளைங்க தல மேலதான் வரணும். காலனில கேட்டா, அளந்தவரே இல்லன்னு எழுதிட்டாரே, நாங்க எப்டி உண்டுன்னு வரையறதுன்றாங்க. நாங்க வரைஞ்சா எங்க ரோட்ட நாங்களே வரைஞ்ச மாரி ஆவும். டீச்சரம்மா விதி."

மேபெல் கரித்துண்டு ஒன்றை நீட்டினாள். அந்தச் சங்கிலி தப்பென்றால் நான் அதைச் சுண்ணாம்படித்து அழித்துவிடலாம், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் வரைந்துவிட்டால் என் கையெழுத்து பொய் என்று நானே சுவரில் எழுதியதாகும். அந்தச் சுவரைப் பார்க்க ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கரியை வாங்கிக்கொண்டேன். வரைந்தேன்.

எனக்குக் கோடு போடத்தான் வரும், ஆள் போட வராது. வேட்டி, தலைப்பாகை, முனையைப் பிடித்த கை. தள்ளி நின்று பார்த்த கன்னியப்பன், "இதுவா நானு? சோளக்கொல்லப் பொம்ம மாரி கீது" என்றார். "மீச போடு சார், அப்ப எனக்கு மீச இருந்திச்சி." போட்டேன். "அவ்ளோ சின்னதா?" மேபெல் சிரித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பிறகு மேலிருந்து கீழ்வரை பாதையின் இரண்டு ஓரத்தையும் இழுத்தேன். அந்தக் கோடுகள் மட்டும் ஒழுங்காக வந்தன.

"அன்னிக்கி எத்தினி அடின்னு எழுதிகினே?"

"பன்னிரண்டு."

"இத்த வாயால சொல்ல பத்து வருசமா சார்?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குள் சேதி போய்விட்டது. செயலாளர் வந்தார், நடந்துதான் வந்தார். "இது வெறும் படம் சார், எங்கேயும் செல்லாது. வேணும்னா உங்க ஆறு அடியை விட்டுக்குங்க. என் பக்கம் கை வைக்காதீங்க" என்றார். ஏழு ஆண்டு முன்பு என்றால் அவரோடு மாலை வரை வாதம் செய்திருப்பேன். அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியாகவே பட்டது. கன்னியப்பனிடம் கடப்பாறை வாங்கி, இருபத்தெட்டின் ஓரத்துச் சவுக்குக் கம்பங்கள் ஒன்பதையும் பிடுங்கி, ஆறு அடி உள்ளே தள்ளி நட்டேன். அவரும் இரண்டு காலனி வாத்தியார்களும் கம்பியைப் பிடித்தார்கள். கன்னியப்பன் நுகத்தடியை வைத்து அகலம் பார்த்துவிட்டு, "போவும் சார், ஒராஞ்சிகினு போவும்" என்றார்.

இந்தச் சுவர் எல்லோரையும் திருத்திவிட்டது என்று எழுதினால் அது பொய். செயலாளரை நான் மன்னிக்கவில்லை. திருடன் என்ற சொல்லையும் மறக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. அடுத்தவன் வீட்டை வரைய வேண்டுமென்றால் அவன் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இத்தனை கூட்டங்களில் யாரும் யார் வாசலிலும் நிற்கவில்லை. மேபெல் கண்டுபிடித்தது அவ்வளவுதான். நிலத்தை அளக்கத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மாலை மூன்று மணிக்கு மேல் போங்கள், வெயில் நேராகச் சுவரில் விழும். அடுத்த மழைக்குள் பார்த்துவிடுங்கள். துணி நீலம் மழைக்குத் தாங்காது. சாப்பிட அங்கே ஒன்றும் கிடையாது, தாம்பரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்ப ரிக்‌ஷா கிடைக்காது, வந்தவரையே காத்திருக்கச் சொல்லுங்கள். எனக்கு மாலை 5.20 வண்டி, திண்டிவனம் சேர எட்டரை ஆயிற்று.

படத்தைப் பார்த்த பிறகு வயல் பக்கம் போக விரும்பினால் கரையைச் சுற்ற வேண்டாம். இருபத்தேழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே நேராக நடக்கலாம். இருபத்தேழின் பக்கம் முள்கம்பி இன்னும் இருக்கிறது, சட்டையைப் பிடிக்கும். வலப்பக்கம் ஒட்டியே நடங்கள். எதிரே நெல் வண்டி வந்தால் வேலிக் கம்பியைத் தூக்கிவிட்டு இருபத்தெட்டாம் மனைக்குள் ஏறி நின்றுகொள்ளுங்கள். அங்கே யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.