முன்கூட்டியே சொன்ன சாட்சி

எங்கள் சபையில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட ஒரு பாவம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைவீட்டு மேல்மாடிக்குப் படியேறி வரும்போதே, வாசலில் நிற்கும் பிரதர் ஒருவர் பல்லெல்லாம் தெரியக் கையைப் பிடித்துக் குலுக்குவார். "சந்தோஷமா இருக்கீங்களா சிஸ்டர்?" இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயே தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். அதற்குப் பயந்தே நானும் ஈ என்று இளித்துவிட்டு உள்ளே போவேன்.

கர்த்தர் தரும் சந்தோஷம் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அது என் வீட்டிலேயே இருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். காலையில் அரை டம்ளர் தேத்தண்ணீரோடு பிளாட் சன்னலோரம் உட்கார்ந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லி, அதை விருந்துபோலக் குடிப்பார். பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பஸ்ஸைப் பிடிக்க நான் அலறிக்கொண்டு ஓடுவேன். "மெதுவா போ லா, பஸ்ஸு உன்ன விட்டுட்டுப் போவாது," என்பார். அவருக்கு மைக்கும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். அந்த மனுஷனைத்தான் இந்தக் கூட்டம் கெடுக்கப் பார்த்தது.

சபையில் விசுவாச சாட்சி என்று ஒன்று உண்டு. நடந்ததைச் சொன்னால் அது சாதாரண சாட்சி. நடக்காததை நடந்துவிட்டதாகச் சொன்னால் அது விசுவாச சாட்சி. வேலை கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டது என்பார்கள். மகளுக்கு மாப்பிள்ளை அமையும் முன்பே அமைந்துவிட்டான் என்பார்கள். எல்லாரும் தட்டுவார்கள். அப்புறம் கிடைத்ததா, அமைந்தானா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் அவிசுவாசி. நல்ல ஏற்பாடு!

ஒரு ஞாயிறு, போதகர் என் வீட்டுக்காரரை முன்னால் இழுத்துவிட்டார். "பிரதர், வாயால அறிக்கை பண்ணுங்க. சுகமாயிட்டேன்னு சொல்லுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குள் மைக் வாயருகே வந்துவிட்டது.

"சுகமாயிட்டேன்," என்று முணுமுணுத்தார்.

"சத்தமா!"

சத்தமாகச் சொன்னார். ஐயோ, அந்தக் கைதட்டல்! மேல்மாடிப் பலகையெல்லாம் அதிர்ந்தது. ஒருத்தி அழுதாள், ஒருத்தர் குதித்தார். நோகாமல் நுங்கு தின்னும் கூட்டம். ஊசி ஏறுகிற கை அவர்களுடையதா என்ன?

செவ்வாய்க்கிழமை அவர் டயாலிசிஸுக்குக் கிளம்பவில்லை.

"என்னங்க, நேரமாச்சு."

"எப்படிப் போறது? எல்லார் முன்னாலயும் சுகமாயிட்டேன்னு சொல்லிட்டேன். அங்க க்ளீனிங் வேல செய்ற அக்கா நம்ம சபைதான். என்னப் பார்த்தா கர்த்தர் நாமத்துக்குத்தானே அவமானம்?"

"கர்த்தருக்கு ஒரு அவமானமும் வராது. உங்க பாஸ்டருக்குத்தான் வரும். எந்திரிங்க."

எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், நானும் சாப்பிட மாட்டேன் என்றேன். மனுஷன் அசையவில்லை. பொய்யே சொல்லிப் பழக்கமில்லாதவர், சொன்ன ஒரு பொய்யை உண்மையாக்க உயிரையே கொடுக்கத் துணிந்துவிட்டார். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. அவர் முகத்தில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போதகர் ஏழெட்டுப் பேரோடு இரண்டு காடியில் வந்து இறங்கினார். சுகம் பெற்ற வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டமாம்! பாட்டுக்கு முன்னால் என்னிடம் தண்ணீர் வாங்கித் தன் பிரஷர் மாத்திரையை விழுங்கிக்கொண்டார். பிறகு, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த மனுஷனைச் சுற்றி நின்று எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள்.

"பிசாசு பயங்காட்டுறான் சிஸ்டர். விசுவாசத்த விட்றாதீங்க," என்றார் போதகர்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீங்க எதுக்கு பாஸ்டர் மாத்திர முழுங்கினீங்க? உங்களுக்கு விசுவாசம் இல்லியா?"

பாட்டு நின்றது. "அது வேற சிஸ்டர்..."

"என்ன வேற? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்! காடிச் சாவிய எடுங்க. இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். நீங்கதான் ஓட்டணும்."

ஓட்டினார். அவசரப் பிரிவு வாசலில் இறக்கிவிடும்போது மட்டும் வாயைத் திறந்தார். "சபைல கேட்டா என்னா சிஸ்டர் சொல்றது?" தூ! இங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது, இவருக்குச் சபைக் கவலை. நான் உள்ளே ஓடினேன்.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக வேண்டும் என்றார்.

"அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்காதீங்க," என்றேன்.

"பொய்ய அங்கதானே சொன்னேன்? அங்கதான் திருத்தணும்."

சாட்சி நேரத்தில் அவராகவே எழுந்தார். இந்தத் தடவை யாரும் மைக்கை நீட்டவில்லை.

"நான் சுகமாவல. அன்னிக்குச் சொன்னது பொய். வாரத்துக்கு மூணு நாளு மெஷின்ல உக்கார்றேன், இன்னமும் உக்காருவேன். கர்த்தரும் அங்க என்கூட உக்கார்றாரு. பொய் சொன்ன அந்த ஒரு வாரந்தான் அவரக் காணல. இப்ப நான் சந்தோஷமா இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். சாட்சி முடிந்தால் சபையார் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். பொய்க்கு அப்படித் தட்டியவர்கள் உண்மைக்கு வாயைத் திறக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிறவர் தன் விரலைப் பார்த்தார். போதகர் வேதாகமத்தில் எதையோ தேடினார். என் வீட்டுக்காரர் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன்.

என் குரல் மட்டும்தான் கேட்டது. அவருக்கு அது போதுமாக இருந்தது, உட்கார்ந்தார்.