மடி கரண்ட்

போன புதன்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு ஒரு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில் நுழைவது லேசுப்பட்ட காரியமா? எதற்கு நுழைந்தேன் என்கிறீர்களா? ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொரு ஒயரைச் சொருக. அப்புறம் அதையும் பிடுங்கி, மறுபடி பழையதைச் சொருக.

எதிரே சோபாவில் என் நண்பன் கணேசன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். எந்த ஒயரில் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று பார்க்காமலேயே சொல்லப் போகிறானாம்.

கணேசனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் பேங்க் வேலையில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் எங்கேயும் போகவில்லை. கிரிவலப் பாதையில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் குருக்கள். எல்லோருக்கும் அவன் 'சாமி'. எனக்கு மட்டும் 'டேய்'. பக்கத்தில் பக்தர்கள் இருந்தால் 'என்ன கணேசன் சார்' என்பேன்... அதற்கு முறைப்பான்.

குருக்களுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் அவன் வீடு. மாடியை வாடகைக்கு விடுவான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள்தான் குடியிருப்பார்கள். அப்படி வந்த ஒரு ஜெர்மன்காரர் சில வருஷம் தங்கினார். மத்தியானத்தில் பாட்டு போடுவார், நடை சாத்திவிட்டு வந்த கணேசன் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பான். ஊருக்குத் திரும்பும்போது லக்கேஜ் ஜாஸ்தி ஆகிறது என்று ஆம்ப்ளிஃபயரையும் ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டையும் இவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாமான் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. அவருடைய பைத்தியமும் சேர்ந்து வந்துவிட்டது.

நான் சும்மா சொல்லவில்லை. கோயில் நடை சாத்துவது பன்னிரண்டு மணிக்கு, மறுபடி திறப்பது நாலு மணிக்கு. ஊரில் இருக்கிற மற்ற குருக்கள் எல்லாம் அந்த நேரத்தில் ஒரு தூக்கம் போடுவார்கள். இவன் ஸ்பீக்கரை ஒரு விரல்கடை இப்படி நகர்த்துவான், ஒரு விரல்கடை அப்படி நகர்த்துவான்.

பிரச்சினை இந்த வருஷம்தான் ஆரம்பித்தது. "பாட்டு முன்ன மாதிரி இல்லடா. மேல ஒரு போர்வையைப் போத்தின மாதிரி இருக்கு. ஜால்ரா சத்தமே வரல" என்றான். அவன் அடிக்கடி கேட்பது ஒரு பழைய பஜனை ரெக்கார்டிங். அதில் பாட்டுக்குப் பின்னால் ஜால்ரா ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் ஒயரை மாற்றினான். ஸ்டெபிலைசர் மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக இன்டர்நெட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பவர் கார்டு வரவழைத்தான். சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு கரண்ட் கொண்டு வருகிற ஒயர், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகுவோமே, அதே சமாசாரம். ஆனால் இது தேர் வடத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது. விலையை இங்கே எழுத மாட்டேன்... அவன் வீட்டிலும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

"எதுக்குடா இது?" என்றேன்.

"கரண்ட் சுத்தமா வரணும்."

"ஏண்டா, மின்சாரம் எங்கேயோ உற்பத்தியாகி, வயக்காட்டு மேல வந்து, உன் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர்ல இறங்கி, காக்கா உட்கார்ற கம்பி வழியா வீட்டுக்குள்ள வருது. கடைசி ஒன்றரை மீட்டர்ல அதை எப்படிடா சுத்தம் பண்ணுவ?"

கணேசன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அபிஷேகத்துக்கு வர்ற தண்ணி மட்டும் எங்கேர்ந்து வர்றது? குழாய்லதான் வர்றது. கடைசில குடத்து வாயில வஸ்திரத்தைக் கட்டி வடிகட்டித்தானே விடறோம்?"

வடிகட்டினால் தூசி நிற்கும், கரண்டில் என்னடா நிற்கும் என்ற கேள்வி வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அந்த ஒயர் வந்ததிலிருந்து வீட்டில் புது சட்டம். மடி தெரியுமில்லையா? குளித்து, யார் கையும் படாமல் உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல் பூஜை பண்ணுவது. கணேசன் கரண்டுக்கே மடி கட்டிவிட்டான். அவன் பாட்டு கேட்கும்போது மிக்ஸி ஓடக்கூடாது, கிரைண்டர் ஓடக்கூடாது, ஃபிரிட்ஜைக்கூட அணைத்துவிட வேண்டும். எல்லாம் ஒரே லைனில் இருப்பதால் கரண்டுக்குத் தீட்டாம். அவன் மனைவி காமாட்சி காலையிலேயே சட்னி அரைத்து வைத்துவிடுகிறார். "எனக்கே இவ்ளோ ஆசாரம் பார்த்ததில்லண்ணா" என்று என்னிடம் முறையிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது ஒயரில் ஜால்ரா திரும்ப வந்துவிட்டது என்று கணேசன் சாதித்தான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சொல் பார்ப்போம் என்று நான் வம்புக்கு இழுக்க, அவன் உடனே ஒத்துக்கொண்டான். அதனால்தான் நான் அந்த சந்துக்குள் போனேன்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயரை மாற்றி, மறுபடி போடுவேன். சில சமயம் மாற்றின மாதிரி சத்தம் மட்டும் செய்துவிட்டு அதே ஒயரைச் சொருகுவேன். அவன் கையைத் தூக்கி, "இது புதுசு" என்பான், "இது பழசு" என்பான். ஒரு தடவை சரியாகச் சொல்வான், அடுத்த தடவை தப்பாகச் சொல்வான். பூவா தலையா போட்டிருந்தாலும் அதே ரிசல்ட்தான் வந்திருக்கும். ஒரு தடவை, ஒயர் மாறவே இல்லை, "ஆகா, இப்ப பாரு, ஜால்ரா எப்படி மின்னறது" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், என்னால் அப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

காபி வந்தது. முடிவைச் சொன்னேன். கணேசனுக்குக் கோபம் வரவில்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது. இவனை ரொம்பத்தான் மட்டம் தட்டிவிட்டோமோ என்று எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்போது காமாட்சி கேட்டார். "அண்ணா, ஒயரை விடுங்க. உங்களுக்கு அந்த ஜால்ரா கேட்டுதா?"

"கேட்டுதே சிஸ்டர்."

"எந்த ஒயர்ல?"

"ரெண்டுலயும்தான். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கணீர்னு கேட்குதே."

கணேசன் டம்ளரைக் கீழே வைத்தான். "ரெண்டுலயுமா?" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அவனுக்கு ரெண்டிலும் கேட்கவில்லை. ஜால்ரா எங்கே வரும் என்று மனப்பாடம். வர வேண்டிய இடத்தில் வந்ததாக அவனே நினைத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை நேரம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காமாட்சி காபி டம்ளர்களை ஒதுக்கி வைத்தார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். போன மாதம் கோயிலில் ஒரு அம்மா குழந்தைக்கு அர்ச்சனை பண்ண வந்திருக்கிறார். பேர், நட்சத்திரம் சொல்லியிருக்கிறார். பூசம். இவன் 'பூரம்' என்று சங்கல்பம் பண்ணியிருக்கிறான். "சாமி, பூரம் இல்ல, பூசம்" என்று அந்த அம்மா திருத்தியிருக்கிறார். இவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் 'பூரம்' என்றே சொல்லியிருக்கிறான். அந்த அம்மா அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யாருக்கோ பண்ணிட்டீங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"அதுக்கப்புறம் ஒரு வாரம் சரியா சாப்பிடலண்ணா. என்கிட்ட சொல்லவும் இல்ல. பக்கத்துல பூ விக்கிற பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். நானும் ரெண்டு வருஷமா இவர்கிட்ட கத்திக் கத்திப் பேசறேன். பக்கத்து வீட்ல, தினம் சண்டைனு நினைச்சுக்கிறாங்க."

கணேசன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கேட்கறதுடா. எல்லாம் கேட்கறது. என்ன வார்த்தைனுதான் புரியல. ரேவதியும் சுவாதியும் ஒரே மாதிரி இருக்கு. கூட்டத்துல உதட்டைப் பார்த்து சமாளிக்கறேன்."

"டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"போனா மிஷின் மாட்டச் சொல்லுவான். காதுல மிஷினோட கருவறைக்குள்ள போறதா? கோயில் கமிட்டில என்ன சொல்லுவா? செவிட்டு குருக்கள்கிட்ட யார் அர்ச்சனை பண்ணிப்பா? என்னை வீட்டுக்கு அனுப்பிட்டா நான் எங்கடா போவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?"

முப்பது வருஷமாக அவன் நிற்கிற இடம் எது தெரியுமா? தீபாராதனை நேரத்தில் மணியும் மேளமும் தானாக அடிக்கிற மோட்டார் மிஷின் இருக்கிறதே, அதற்கு ரெண்டடி தள்ளி. நாம் ஒரு நிமிஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அவன் காலை, சாயங்காலம், எல்லா வேளையும் அங்கேயேதான் நின்றாக வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். "ஏண்டா, உள்ளே எல்.இ.டி. பல்பு எரியுது. வெளியே மிஷின் மேளம் அடிக்குது. உன் காதைக் கெடுத்த மிஷின் கோயிலுக்குள்ள இருக்கலாம், உன் காதை சரி பண்ற மிஷின் வரக்கூடாதா? அபிஷேகம் பண்ணும்போது கழட்டி வை. அர்ச்சனைக்கு மாட்டிக்கோ. கமிட்டில நான் பேசறேன்."

மறுநாள் மத்தியானம், பாட்டு கேட்கிற நேரத்தில், கணேசன் சட்டையை மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான்.

கிளினிக்கில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே அவனை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பழக்க தோஷம், கணேசன் கண்ணை மூடிக்கொண்டான். முதலில் கை டக் டக்கென்று எழுந்தது. அப்புறம் எழவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது போல என்று நினைத்து டெஸ்ட் எடுக்கிற பெண்ணைப் பார்த்தேன். அவர் இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டேதான் இருந்தார். கணேசன் அமைதியாக, கையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்காத ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

தடித்த சத்தமெல்லாம் அவனுக்கு ஒழுங்காகக் கேட்கிறதாம். மெல்லிசான, கூர்மையான சத்தம்தான் போய்விட்டது. ஜால்ரா அப்படித்தான் போயிருக்கிறது. பூசத்தில் இருக்கிற 'ச'வும் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம், இப்போது வந்ததும் நல்லதுதான் என்றார் டாக்டர்.

இங்கே ஆடியோ அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குக் காரசாரமாக மெயில் அனுப்ப உட்கார்ந்துவிட்டீர்கள், தெரியும். ஒயர் விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். பிளக் லூசாக இருந்தால் மாற்றுங்கள். எர்த் சரியில்லாமல் ஸ்பீக்கரில் 'உம்'மென்று இரைந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் தடி ஒயர் போட்டால் பாட்டு மின்னும் என்பது... நான் பின்னாலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டேன், மின்னவில்லை. அப்படியும் ஆசையாக இருந்தால் வாங்குங்கள், உங்கள் இஷ்டம். வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை காதைக் காட்டிவிட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். சாமானில் கோளாறு இருக்கும் என்று சந்தேகப்படுவது நமக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. நம்மிடமே கோளாறு இருக்குமோ என்று நினைக்கத்தான் மனசு வருவதில்லை. கேட்கிற நமக்கும் வயசாகிறதே?

நேற்று டிரையலுக்கு மிஷின் மாட்டினார்கள். காமாட்சியும் வந்திருந்தார். மொச்சைக்கொட்டை அளவு இருக்கிறது, அவ்வளவுதான். டெஸ்ட் எடுத்த அந்தப் பெண் ரெண்டு காதிலும் வைத்து, கம்ப்யூட்டரில் என்னவோ தட்டி, "ஏதாவது பேசுங்கம்மா" என்று காமாட்சியைப் பார்த்தார்.

என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வழக்கம்போல ரெண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில், "சாயங்காலம் நடை திறக்கணும், நேரமாகலயா?" என்றார்.

கணேசன் திடுக்கிட்டு அவர் பக்கம் திரும்பினான். "ஏன் இப்படிக் கத்தறே? மெதுவா பேசேன்" என்றான்.

காமாட்சி என்னைப் பார்த்தார். கண் ரெண்டும் நிறைந்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

கத்தாதே என்று புருஷன் சொன்னதற்கு ஒரு மனைவி இவ்வளவு சந்தோஷப்பட்டதை, என் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன்.