விபத்துப் பதிவேட்டின் முதல் வரி

ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்களின் வழக்குகளை எடுத்து நடத்துகிறேன். கட்சிக்காரரைப் பார்ப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டைப் படித்துவிடுவது என் வழக்கம். ஆட்டையாம்பட்டிப் பெண்ணின் பதிவேட்டில் முதல் வரியே இப்படி இருந்தது: ‘கழிவறை கழுவும்போது ஆசிட் தவறி முகத்தில் கொட்டியது. சொன்னவர்: தாய்.’ தலையில் அடித்துக்கொண்டேன்.

ஊற்றியவன் அந்த அம்மாவின் சொந்த அண்ணன் மகன். வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்தவன். முறைப்பெண் தன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றதற்காகப் பட்டறையிலிருந்தே ஆசிட்டை எடுத்து வந்திருக்கிறான்.

“அண்ணன் ஊடு அழிஞ்சு போயிருமேன்னு அப்படிச் சொல்லிப்போட்டனுங்க. புள்ளைக்குத் தெரிய வேண்டாம் சாமி,” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது மகளுக்கு நினைவே இல்லை. டாக்டர் ஏதோ தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு கண்ணும் போனவளுக்குச் சோறு ஊட்டியதும், ஒவ்வொரு முறை தோல் ஒட்டியபோதும் வார்டுத் தரையில் படுத்துக் கிடந்ததும் இதே அம்மாதான். யாரைத் திட்டுவது?

அந்த வரியை உடைக்க ஒரே வழி, அம்மாவே கூண்டேறி உண்மையைச் சொல்வது. அதற்கு முன் மகளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். வாய்தா அன்று காலை கேட்டபோது, “சொல்லிட்டனுங்க,” என்றார். நம்பினேன். ஏற்கெனவே பொய் சொன்னவர் என்று தெரிந்தும் நம்பினேன்.

மகள் சாட்சி சொல்லி முடித்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்து அம்மா ஏறினார்.

“டாக்டரிடம் அப்படிச் சொன்னது யார்?” என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

“நாந்தானுங்க.”

மகள் எழுந்து நின்றுவிட்டாள். “அம்மா, நீயா?”

அப்போது பொய்யா, இப்போது பொய்யா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திருப்பித் திருப்பிக் கேட்டார். அம்மா மகளைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தார். வழக்கு தேறாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. தேறவும் இல்லை, சந்தேகத்தின் பலனில் அவன் விடுதலையானான்.

சாட்சி முடிந்த அன்று பஸ் நிலையம் வரை மகள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார். அவளைச் சேர்க்கச் சொல்லி எனக்குத் தெரிந்த விடுதிகளுக்கெல்லாம் போன் போட்டேன். எங்கேயும் இடமில்லை என்றார்கள்.

ஆட்டையாம்பட்டி பஸ் வந்தது.

“அக்கா, நான் வேற எங்கீங்க போறது?” என்று கேட்டாள். என் கையை விட்டுவிட்டு, காற்றில் கையை நீட்டினாள். அம்மா ஓடி வந்து பிடித்துக்கொண்டார். படியேறும்வரை முகத்தை மட்டும் அவள் என் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.