மனதில் பட்டதைச் சொன்ன பூங்கோதை

பூங்கோதையின் வேலை போனதற்கு யார் காரணம் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன். நான்தான். என் பாழாய்ப்போன வாய்.

எங்கள் அலுவலகத்தில் தரை துடைப்பவள் அவள். டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் இருந்த அவள் வீட்டை ஜூன் மாதம் புல்டோசர் இடித்துத் தள்ளியது. பதிலுக்கு நகரத்தின் கடைக்கோடியில், நரேலாவில் ஒரு ஃபிளாட் கொடுத்தார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து சேரவே மூன்று மணி நேரம். புருஷன் கிடையாது. மகள் மஞ்சு பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வேலை போனால் அந்தப் பெண்ணின் படிப்பும் போச்சு. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

திங்கள்கிழமை காலையில் ஹெச்.ஆர். சுஷ்மா மேடம் எங்களை உட்காரவைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்வார். மைண்ட்ஃபுல்னெஸ்ஸாம், கர்மம்! பத்து நிமிடம் கண்ணை மூடிவிட்டு, மனதில் தோன்றியதை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நாங்கள் "ரொம்ப அமைதியா இருந்துச்சு மேடம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவோம். இத்தனை வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு இது தெரியாதா?

அந்த வாரம் துப்புரவு ஆட்களையும் உட்காரவைத்தார்கள். எல்லோரும் சமமாம். பூங்கோதையின் முறை வந்தது.

"பயப்படாதே, உன் பாஷையிலேயே சொல். கிருஷ்ணபிரசாத் எனக்குச் சொல்வார்" என்றார் மேடம் இந்தியில், என்னைக் காட்டி. பாவி மகள் அதை நம்பிவிட்டாள்.

"கண்ண மூடுனா அந்த புல்டோசர்தான் சார் வருது. 'அண்ணே, கிரைண்டர மட்டும் எடுத்துக்கிறேன்'னு இந்தியில கெஞ்சுனேன். டிரைவர் சிரிச்சான். அவன் மண்டையில கல்லத் தூக்கிப் போடணும்னு இருந்துச்சு. இந்தம்மா மூச்ச விடு, மூச்ச விடுங்கும்போது இது மண்டையிலயும் ஒண்ணு போடலாம் போல இருக்கு சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீடு போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டு ஞாபகம் வருகிறதாம் என்று நான் சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் அறையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு வருடத்தில் யார் என்னை அப்படிப் பார்த்தார்கள்? கல்லைக்கூட விடாமல் சுத்தமான ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். மேடம் புன்னகைத்து அவளுக்கு நன்றி சொன்னார். சாயங்காலமே துப்புரவு ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்குத் தகவல் போய்விட்டது: இவள் ஆபத்தானவள், இனி உள்ளே விடக்கூடாது.

மறுநாள் காலை பூங்கோதை கேட்டிலிருந்து போன் செய்தாள்.

"சார், வாட்ச்மேன் விடமாட்டேங்குறாரு. நேத்து நான் சொன்னத நல்லவிதமாத்தான சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப மேடத்துக்குத்தான் புரியல போல. நீங்க கீழ வந்து இன்னொரு வாட்டி எடுத்துச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க."

"மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிட்டேன். அன்று எனக்கு எந்த மீட்டிங்கும் இல்லை.