ஒரு கடைக்கு மூன்று கவர்

"கடைக் காசு போடுற லாச்சியில காசு குறையுது. பங்காளிகள் ரெண்டு பேரும் என்னைச் சந்தேகமாப் பாக்கினம், கடையைப் பிரிப்பம் எண்டு சொல்லினம்," என்றார் லண்டன் ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடை ஆனந்தராஜா.

"நீங்கள் எடுக்கேல்லையோ, அங்கிள்?" என்று கேட்டாள் சனிக்கிழமைகளில் கடையில் நிற்கும் ஜதுர்ஷிகா.

"வாடிக்கையாளர் வீட்டுக் கலியாணங்களுக்கு அந்தக் காசை வச்சுக் கவர் குடுத்தன். அது கடைச் செலவுதானே, பிள்ளை."

ஜதுர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் அவளுடைய அக்காவின் கலியாணத்துக்கு மூன்று பங்காளிகளுக்கும் தனித்தனி அழைப்புக் கார்ட் போயிருந்தது; அந்தக் கடையின் பெயரில் மூன்று கவர்கள் வந்திருந்தன. பங்காளிகள் மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் லாச்சியிலிருந்து எடுத்துத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றப் பங்காளிகள் இருவரையும் கூப்பிட்டு அவள் அதைச் சொன்னதும் மூவரும் கூரையைப் பார்த்தார்கள். பிரிக்கும் பேச்சு நின்றது, தேத்தண்ணி வந்தது.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆனந்தராஜா அவளிடம் மெல்லக் கேட்டார்: "உன்ர கலியாணத்துக்கு எங்கட கடைக்கு ஒரேயொரு கார்ட் தா, பிள்ளை."