பருத்திக் காட்டில் எடுத்த ஐந்து நிமிடப் படம்

விஸ்காம் படித்த மூன்று வருடங்களின் முக்கியமான நாட்களில் எனக்குத் தேதி உறுதியாகத் தெரியாதது ஒரே ஒரு நாள்தான்: அம்மாவைப் படம் பிடித்த நாள். கல்லூரிக் கேமராவின் கடிகாரத்தை யாரும் சரிசெய்து வைக்காததால் கோப்புகளில் இருக்கும் தேதி தப்பு. ஞாயிற்றுக்கிழமை என்கிறாள் அம்மா. ஞாயிறு என்றால் வீட்டில் கறி எடுத்திருப்பார்கள். அன்று மதியம் சாப்பிட்டது கத்தரிக்காய்க் குழம்பு. ஆகவே சனிக்கிழமை. நான்காம் பருவம், மாசி மாதம்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் அருப்புக்கோட்டை, அங்கிருந்து மதுரை பஸ். காரியாபட்டி வரை கலை வரலாறு படிக்கலாம். அதற்குமேல் நிற்பவர்கள் பையையும் பிள்ளையையும் மடியில் கொடுத்துவிடுவார்கள். புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். ஐரோப்பிய ஓவியங்களை எல்லாம் நான் காரியாபட்டிக்கு இந்தப் பக்கமே படித்து முடித்தேன். இன்றும் அந்த ஓவியங்களின் நீல வண்ணங்களைப் பார்த்தால் டீசல் வாசனை வருகிறது.

துறையில் ஆசிரியர்கள் குறைவு. செவ்வாய்க்கிழமை கலை வரலாறு எடுத்த சாரேதான் வியாழக்கிழமை ஆவணப்படமும் எடுத்தார். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிய அந்த வகுப்பும், புரொஜெக்டரின் இரைச்சலும், அதற்கு மேலே மெதுவாக வரும் அவர் குரலும் எனக்கு இன்னும் வேண்டியிருக்கின்றன. கோயில் தூண்களில் கைகூப்பி நிற்கும் நாயக்கர் காலத்துக் கொடையாளர் உருவங்களைக் காட்டி, முகத்தை விடுங்கள், உடுப்பைப் பாருங்கள் என்றார். தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ, அப்படி நிற்கிறார்களாம்.

ஆவணப்படத் தாளுக்கு ஐந்து நிமிடப் படம் எடுக்க வேண்டும். நன்றாக வந்தவற்றை ஆண்டு இறுதியில் கல்லூரி அரங்கில் திரையிடுவார்கள். நான் பருத்தி எடுப்பதைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் பக்கம் பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும், கையைக் கீறும் காய்ந்த பருத்திக்காய்த் தோட்டுக்கும் அதுதான் காப்பு. கரிசல் மண், வெள்ளைப் பஞ்சு, சாயம் போன சட்டைகள் என்று மனதில் படத்தை முடித்தே வைத்திருந்தேன். எப்போதும் போல வாருங்கள் என்று முந்தின நாள் எல்லாரிடமும் சொல்லியும் இருந்தேன்.

காலையில் காட்டுக்குப் போனால், அம்மாவும் அவள் கூட்டாளிகளும் எண்ணெய் வைத்துத் தலைசீவி, கனகாம்பரம் வைத்து, கல்யாண வீட்டுச் சேலையில் வந்திருந்தார்கள். வீடியோ கேமரா என்றால் அவர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. நான் கேட்காமலே வரப்பில் வரிசையாக நின்று, அசையாமல் லென்ஸைப் பார்த்தார்கள்.

“ஏத்தா, பின்னாடி என்ன பாட்டுப் போடுவ?” என்றார் சித்தி முறையாகும் ஒருவர்.

“மொதல்ல நீ மொறைக்கிறத விடு. பாட்டப் பெறகு பாப்போம்” என்றாள் அம்மா.

வியாழக்கிழமை சார் பார்த்தார். கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது, யதார்த்தம் இல்லை, முதலில் சொன்னபடி சட்டையோடு திரும்ப எடுத்துக்கொண்டு வந்தால் அரங்கில் போடலாம் என்றார். அந்த அரங்கு எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். உழைப்பின் அழகு, உண்மை என்று படித்ததையெல்லாம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ காலேஜுக்கு எப்பிடிப் போற? இருக்கதுல நல்லதத்தான உடுத்திட்டுப் போற. படத்துல நானும் அங்கதான வாரேன்.”

அவள் அந்தக் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. என்னைச் சேர்க்க அப்பாதான் வந்திருந்தார். நான் மறுபடி கேட்கவில்லை.

சாரிடம் தூண் உருவங்களை ஞாபகப்படுத்தினேன். அது சிற்பம், இது டாக்குமெண்டரி என்றார். தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் கிடைத்தது. அரங்குக்குப் படம் போகவில்லை. ஆனால் வகுப்பில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். வரப்பு வரிசையை நான் வெட்டவே இல்லை. அரக்குச் சேலையில் அம்மா சுவர் அளவுக்கு நின்றாள். யார் வீட்டு விசேஷம் என்று பின் வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். பக்கத்தில் இருந்தவள் அவனை அடக்கினாள். அதற்குப் பிறகு காட்டின் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாட்டு எதுவும் போடவில்லை.

அன்று வீட்டில் அம்மா மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

“எல்லாரும் பாத்தாகளா?”

பார்த்தார்கள் என்றேன்.

“வரப்புல நிக்கும்போது கொசுவம் நழுவுன மாதிரி இருந்துச்சு. தெரிஞ்சிச்சா?”

எடிட்டிங்கில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள் நான். தெரியவில்லை, எல்லாருக்கும் ஒழுங்காகத்தான் இருந்தது என்றேன்.

“அப்பச் சரி” என்றாள். உலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எல்லாரும் பார்த்ததைச் சித்தி வீட்டில் சொல்லிவர அப்போதே கிளம்பினாள்.